தாவோயிசம்: எங்கே தொடங்குவது, எங்கே தடுக்கி விழாமல் இருப்பது

சீனாவின் பழைய மரபான தாவோயிசத்தைப் படிக்கத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதன் அடிப்படை நூலான ‘தாவோ தே ஜிங்’கின் முதல் அதிகாரம், சொல்லில் அகப்படும் தாவோ நிலையான தாவோ அல்ல என்று ஆரம்பிக்கிறது. அதைப் படித்ததும் ஒருவர் “ஆஹா, பரம்பொருள்” என்று தலையாட்டிவிட்டு மூடிவைக்கிறார். இன்னொருவர் “புரியாததைப் புரியாத மாதிரி சொல்வதுதான் தத்துவம் போலிருக்கிறது” என்று மூடிவைக்கிறார். கோளாறு வாசகரிடமும் இல்லை, நூலிடமும் இல்லை. தொடங்கிய இடத்தில் இருக்கிறது. வண்டிச் சக்கரம், தண்ணீர், மீன் வறுப்பது, மாட்டிறைச்சி வெட்டுவது என்று கையில் பிடிக்கக்கூடிய செய்கைகளைக் கொண்டுதான் இந்த மரபு பேசுகிறது. அங்கிருந்து உள்ளே போனால் முதல் அதிகாரம் கடைசியில் தானாகத் திறக்கும்.

தேவையானவை அதிகமில்லை. ‘தாவோ தே ஜிங்’கின் இரண்டு மொழிபெயர்ப்புகள், ஒரு குறிப்பேடு, ஆறு வாரம். நூலே சிறியது: 81 அதிகாரங்கள், சீன மூலத்தில் ஏறத்தாழ 5,000 எழுத்துகள். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். அப்படி முடிப்பதுதான் முதல் தவறு. ஒவ்வொரு அதிகாரமும் நினைவில் வைத்துக்கொள்வதற்காகச் சுருக்கிய செய்யுள் போன்றது. எண்பத்தொன்றையும் ஒரே மூச்சில் விழுங்கினால் எல்லாம் ஒரே மாதிரி இனிப்பாகத் தோன்றும், எதுவும் நிற்காது.

மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை இருக்கிறது. சந்தையில் சீனம் அறியாதவர்கள் பிற மொழிபெயர்ப்புகளைப் பார்த்து இனிமையாகத் திரும்ப எழுதியவை நிறைய உண்டு. கையில் எடுத்த பிரதியில் 5, 60, 80 ஆகிய மூன்று அதிகாரங்களை மட்டும் புரட்டுங்கள். ஐந்தில் வானமும் பூமியும் எல்லா உயிர்களையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன என்று இருக்க வேண்டும். அறுபதில் பெரிய நாட்டை ஆள்வதைச் சின்ன மீன் சமைப்பதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். எண்பதில் பக்கத்து ஊர்ச் சேவல் கூவுவதும் நாய் குரைப்பதும் காதில் விழுந்தும், சாகும்வரை அங்கே போகாத மக்கள் வர வேண்டும். வைக்கோல் நாய் “சமநோக்கு” ஆகவும், மீன் “மென்மையான தலைமை” ஆகவும் மாறியிருந்தால் அது மொழிபெயர்ப்பு அல்ல, தழுவல். படிக்கக் கூடாது என்றில்லை, ஆனால் இரண்டில் ஒன்றாக அதை எண்ணாதீர்கள்.

சொற்களை முதலில் கழுவி வைப்பது

இந்தச் சில சொற்களைத் தமிழாக்கும்போது நம் பழைய பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதை எடுத்துவிட்டுத் தொடங்கினால் வழியில் ஏற்படும் குழப்பத்தில் பெரும்பங்கு வராமலே போகும்.

தாவோ என்றால் வழி. அந்தச் சீன எழுத்தில் இரண்டு உறுப்புகள்: ஒன்று தலையைக் குறிப்பது, மற்றது நடத்தலைக் குறிப்பது. அதே சொல்லுக்குச் ‘சொல்லுதல்’ என்ற பொருளும் உண்டு. முதல் அதிகாரத்தின் முதல் வரி அந்த இரட்டைப் பொருளில் விளையாடுகிறது, மொழிபெயர்ப்பில் அந்த விளையாட்டு செத்துவிடுகிறது. தமிழில் ‘நெறி’ பொருந்தும். இன்னும் அழகாகப் பொருந்துவது ‘ஆறு’. பழந்தமிழில் அது வழியும்கூட, ஓடும் நீரும்கூட. தாவோவுக்கு இந்த நூல் அடிக்கடி சொல்லும் உவமை நீர்தான் என்பதால், இந்த ஒரு சொல்லில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

ஆனால் தாவோவைக் கடவுள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கட்டளை இடுவதில்லை, தண்டிப்பதில்லை, யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. நான்காம் அதிகாரம், அது மேலுலக அரசனுக்கும் முந்தியது போலத் தோன்றுகிறது என்கிறது. பிரம்மம் என்றும் மாற்றிவிட வேண்டாம். பிரம்மம் என்றதும் மாயை, விடுதலை என்று ஒரு முழுக் கட்டமைப்பும் கூடவே வந்துவிடும். தாவோயிசத்தில் உலகம் தோற்றமயக்கம் அல்ல. பத்தாயிரம் பொருள்கள் என்று அது சொல்லும் இந்த மரம், மாடு, மழை எல்லாம் உள்ளபடியே இருப்பவை.

‘தே’ என்பதை அறம் என்று போட்டால் நூலின் இரண்டாம் பாதி அறநெறி உபதேசமாகிவிடும். அது அப்படியல்ல, 38-ஆம் அதிகாரம் உபதேசத்தைத்தான் கேலி செய்கிறது. ‘இஞ்சியின் குணம்’ என்று சொல்கிறோமே, அந்தக் குணம்தான் தே. ஒரு பொருள் தன் வழியில் இருப்பதால் அதற்கு வந்து சேரும் ஆற்றல். இஞ்சி நல்லவனாக இருக்க முயல்வதில்லை.

‘ட்சுரான்’ என்பதை இயற்கை என்று மொழிபெயர்ப்பார்கள். இன்றைய சீனத்தில் அது இயற்கைதான். இந்த நூலில் அது ‘தானே அப்படி’ என்ற பொருளில் வருகிறது. தன்னியல்பு என்று கொள்ளுங்கள். 25-ஆம் அதிகாரத்தில் மனிதன் பூமியையும், பூமி வானத்தையும், வானம் தாவோவையும், தாவோ தன்னியல்பையும் பின்பற்றுவதாக வரும். இங்கே இயற்கை என்று போட்டால் தாவோவுக்கு மேலே காடும் மலையும் உட்கார்ந்திருப்பதாக அபத்தமாகிவிடும்.

‘பூ’ என்றால் செதுக்காத மரக்கட்டை. சிலையாகவும் கரண்டியாகவும் ஆகாத நிலையில் அது எல்லாமாகவும் ஆகக்கூடியது. ‘ச்சி’ மூச்சு, ஆவி, உயிர்விசை, மூன்றும் சேர்ந்தது. நம் வழக்கில் பிராணன் கிட்டத்தட்ட பக்கத்தில் வரும், ஆனால் கல்லும் ச்சியால் ஆனதுதான் என்று சீனர்கள் சொல்வதை நினைவில் வையுங்கள்.

வூ வெய்: எல்லோரும் சறுக்கும் படி

எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் செய்யாமை. அதனால் சோம்பேறிகளின் தத்துவம் என்றும், ‘நடப்பது நடக்கட்டும்’ என்றும் புரிந்துகொள்ளப்படுகிறது. இரண்டும் தவறு. வலிந்து செய்யாமை, அல்லது பொருளின் போக்குக்குக் குறுக்கே கை வைக்காமை என்றால் சரியாக வரும். 37-ஆம் அதிகாரம், தாவோ எதையும் வலிந்து செய்வதில்லை, ஆனால் செய்யப்படாமல் எதுவும் விடுபடுவதும் இல்லை என்கிறது. வேலை முடிந்தாக வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

மீன் உவமையையே சோதித்துப் பாருங்கள். நெத்திலியை எண்ணெயில் போட்டுவிட்டு ஓயாமல் கிளறினால் உடைந்து தூளாகிவிடும். கிளறாமலே விட்டால் அடியில் கருகும். ஒரு பக்கம் பொன்னிறமாகி, தானே சட்டியை விட்டு எழும் நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது ஒரே ஒரு முறை திருப்புவதுதான் வூ வெய். தீ மூட்டியதும், சட்டி பார்த்துக்கொண்டு நின்றதும் எல்லாம் வேலைதான்.

இதற்கு இன்னும் துல்லியமான பாடம், இந்த மரபின் இன்னொரு பழைய நூலான சுவாங்ட்சுவின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் சமையல்காரர் திங். சாதாரணச் சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், எலும்பில் வெட்டுவதால். நல்லவர் ஆண்டுக்கு ஒன்று மாற்றுகிறார், சதையில் வெட்டுவதால். திங் 19 ஆண்டுகளாக ஒரே கத்தியில் ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்திருக்கிறார். கத்தி சாணைக்கல்லிலிருந்து இப்போதுதான் வந்தது போல இருக்கிறது. மூட்டுகளுக்கு இடையில் இடைவெளி இருக்கிறது, கத்தி விளிம்புக்குத் தடிமன் இல்லை, அதனால் உள்ளே போக இடம் ஏராளம் என்கிறார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் பகுதி அடுத்தது: சிக்கலான மூட்டு வந்தால் அவர் நிற்கிறார், கவனத்தைக் குவிக்கிறார், மிக மெதுவாகக் கத்தியை நகர்த்துகிறார். கடினம் இல்லாமல் போய்விடவில்லை. எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கைக்கும் பல ஆண்டுப் பயிற்சி ஆகியிருக்கிறது. ஆரம்பத்தில் தான் முழு மாட்டையே கண்டதாக அவரே சொல்கிறார்.

தமிழ் வாசகர் ஒருவருக்கு இந்த இடத்தில் கணியன் பூங்குன்றனாரின் புணை நினைவுக்கு வராமல் இருக்காது. ஒப்பிடலாம், ஆனால் அளவோடு. அந்தப் புணை நீர் கொண்டுபோன வழியில் போகிறது, பேச்சு ஊழைப் பற்றியது. வூ வெய்யில் துடுப்பு கையில் இருக்கிறது. நீரோட்டம் தெரிந்தவன் அதைக் குறைவாகப் போடுகிறான்.

பழகிப் பார்க்க விரும்பினால் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: பாத்திரம் துலக்குவது, குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்புவது, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது. எந்த இடத்தில் பற்களைக் கடிக்கிறீர்கள், தோள் எங்கே இறுகுகிறது என்று மட்டும் குறித்துவையுங்கள். அங்கேதான் எலும்பில் வெட்டுகிறீர்கள். அடுத்த வாரம் அந்த இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஏதாவது ஒன்றை மாற்றுங்கள். கடினமானதை அது எளிதாக இருக்கும்போதே கவனி என்பது 63-ஆம் அதிகாரத்தின் அறிவுரை; பள்ளிச் சீருடையை முந்தின இரவே எடுத்துவைப்பது அதற்கு அடிக்குறிப்பு.

படிக்கும் வரிசை

வாரத்துக்கு மூன்று அதிகாரம். முதல் வாரம் 8, 76, 78: நீரும் மென்மையும். உயிரோடு இருப்பவை வளைகின்றன, செத்தவை விறைக்கின்றன; நீரைவிட மெலிந்தது இல்லை, பாறையை அரிப்பதில் அதை மிஞ்சியதும் இல்லை.

இரண்டாம் வாரம் 11, 4, 5: வெறுமை. முப்பது ஆரக்கால்கள் ஒரு குடத்தில் சேர்கின்றன, ஆனால் சக்கரம் பயன்படுவது குடத்தின் நடுவில் உள்ள ஓட்டையால். களிமண்ணைப் பிசைந்து பாத்திரம் செய்கிறோம், பயன்படுவது உள்ளே இருக்கும் வெற்றிடம். கதவும் சன்னலும் குடைந்த அறையும் அப்படியே. தமிழில் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் மண்பாத்திரத்துக்கும் குடம் என்றே பெயர் இருப்பதால் இந்த அதிகாரம் நமக்கு இரண்டு மடங்கு எளிது. ஐந்தாம் அதிகாரத்து வைக்கோல் நாய்கள் இந்த வாரத்தில்தான் வரும், அதிர்ச்சியும் தரும். அவை பலிச் சடங்குக்காகச் செய்த பொம்மைகள். சடங்கு நடக்கும்வரை மரியாதை, முடிந்ததும் காலடியில். வானமும் பூமியும் கொடியவை என்று அதற்குப் பொருள் இல்லை. அவற்றுக்குச் செல்லப்பிள்ளைகள் இல்லை, அவ்வளவே.

மூன்றாம் வாரம் 2, 40, 42: எதிரெதிர்கள். நான்காம் வாரம் 37, 48, 64: வூ வெய். ஐந்தாம் வாரம் 17, 60, 67: ஆட்சியும் மூன்று செல்வங்களும். ஆறாவது வாரம் 16, 25, கடைசியாக 1.

ஒவ்வொரு அதிகாரத்தையும் இரண்டு மொழிபெயர்ப்பிலும் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டும் எங்கே மோதுகின்றன என்று பார்த்துக் கோடிடுங்கள். மோதும் இடத்தில் பெரும்பாலும் மேலே சொன்ன சொற்களில் ஒன்று ஒளிந்திருக்கும்; அந்த இடத்தில் தமிழ்ச் சொல்லை அடித்துவிட்டு ‘தே’ என்றோ ‘ட்சுரான்’ என்றோ எழுதி மறுபடி படித்தால் வாக்கியம் நிமிரும். விளக்கவுரை இப்போது வேண்டாம். ஆறு வாரம் கழித்து வேண்டுமானால் வாங் பியின் உரையைத் தேடுங்கள். கி.பி. 226-இல் பிறந்து 249-இல் இறந்தவர். இருபதைத் தாண்டியதும் போய்விட்ட ஒருவரின் உரையைத்தான் சீனா 1,700 ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றை மறைக்க வேண்டாம். ‘தாவோ தே ஜிங்’ தனிமனித நிம்மதிக்கான கையேடாக எழுதப்பட்டதல்ல. பெரும்பகுதி ஆள்பவனைப் பார்த்துப் பேசுகிறது. மூன்றாம் அதிகாரம் மக்களின் மனத்தைக் காலியாக்கி வயிற்றை நிரப்பச் சொல்கிறது. 17-ஆம் அதிகாரத்தில், தலைசிறந்த ஆட்சியாளன் இருப்பதே மக்களுக்கு அரிதாகத்தான் தெரியும். வேலை முடிந்ததும் ‘நாங்களாகவே செய்தோம்’ என்பார்கள். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சுவரில் ஒட்டிக்கொள்வது நேர்மையாகாது.

எழுதியவர் யார் என்ற கேள்விக்கு ஒரு பத்தி போதும். லாவோட்சு சோ அரசவையின் ஆவணக் காப்பாளர், நாடு சீரழிவதைக் கண்டு மேற்கே கிளம்பினார், எல்லைக் கணவாயின் காவலர் யின் சி கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது பழஞ்சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் தன் நூலில் பதிந்த மரபுக்கதை. அவரே வேறு இரண்டு ஆட்களையும் சந்தேகத்தோடு குறிப்பிடுகிறார். கையில் இருக்கும் சான்று மூங்கிலும் பட்டும்தான். 1993-இல் ஹுபெய் மாநிலத்தின் குவோதியான் கல்லறையில் கிடைத்த மூங்கில் பட்டைகள் ஏறக்குறைய கி.மு. 300-ஐச் சேர்ந்தவை, நூலின் ஒரு பகுதி மட்டும் அவற்றில் இருக்கிறது. 1973-இல் ஹூனானின் மாவாங்துய் கல்லறையில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒன்றில், இரண்டு பட்டுப் பிரதிகள் கிடைத்தன. அவற்றில் ‘தே’ பாகம் முன்னும் ‘தாவோ’ பாகம் பின்னும் வருகின்றன. ஆகவே முதல் அதிகாரத்தைக் கடைசியில் படிப்பது அப்படியொன்றும் குற்றமில்லை.

யின், யாங், ஐந்து

யின் என்பது மலையின் நிழல் விழும் பக்கம், யாங் வெயில் படும் பக்கம். பொழுது நகர நகர நிழலும் நகரும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் நல்லது–கெட்டது, ஒளி–இருள் போராட்டம் என்ற தவறான படம் வராது. யின் கெட்டதல்ல; யாங் வெல்ல வேண்டியதும் இல்லை. ஒன்று உச்சிக்குப் போனால் அதில் மற்றது முளைக்கிறது. நடுப்பகலுக்குப் பின் பொழுது சாய்வது மாதிரி. திரும்புதல்தான் தாவோவின் அசைவு என்று 40-ஆம் அதிகாரம் சொல்வது இதையே. ‘தாவோ தே ஜிங்’ முழுவதிலும் யின், யாங் என்ற சொற்கள் ஒரே ஒரு அதிகாரத்தில், 42-இல்தான் வருகின்றன. கறுப்பு–வெள்ளை மீன்கள் சுழலும் அந்த வட்டமும் நூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

ஐந்து கட்டங்களை நம் பஞ்சபூதங்களோடு சேர்த்துப் பார்ப்பது நமக்கே உரிய பிழை. எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறு: மரம், தீ, மண், உலோகம், நீர். காற்றும் ஆகாயமும் இல்லை. இவை பொருளை ஆக்கும் மூலங்கள் என்பதைவிட மாற்றத்தின் கட்டங்கள் என்பது சரி. ஒன்று மற்றதைப் பெற்றெடுக்கும் வரிசை: மரம் தீயை, தீ சாம்பலாகி மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மரத்தை. ஒன்று மற்றதை அடக்கும் வரிசை வேறு: மரம் மண்ணைத் துளைக்கும், மண் நீரை அணைகட்டும், நீர் தீயை அவிக்கும், தீ உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். இந்த இரண்டையும் ஒரு தாளில் வட்டமாக வரைந்து வைத்துக்கொண்டால் சீன மருத்துவம், நாள்காட்டி, கோயில் வண்ணங்கள் பலவும் பிடிபடும். இது தாவோயிசத்துக்கு மட்டும் சொந்தமல்ல, சீனச் சிந்தனை முழுவதுக்கும் பொதுவானது.

மூன்று செல்வங்கள் என்ற பெயரில் இரண்டு பட்டியல்கள் சுற்றுகின்றன. 67-ஆம் அதிகாரத்தில் அவை பரிவு, சிக்கனம், உலகில் முந்தி நிற்கத் துணியாமை. உட்பயிற்சி நூல்களில் வரும் மூன்று வேறு: ஜிங், ச்சி, ஷென், அதாவது சாரம், உயிர்விசை, உணர்வு. ஒருவர் மூன்று செல்வங்கள் என்று பேசினால் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலுக்கு வெளியே உள்ள மதம்

‘தத்துவ தாவோயிசம் தூய்மையானது, மதம் பிற்காலச் சீர்கேடு’ என்று சில பழைய அறிமுக நூல்கள் சொல்லும். அதை நம்பிப் போனால் கோயிலில் பார்ப்பது எதுவும் புரியாது. கி.பி. 142-இல் சிச்சுவானின் ஹமிங் மலையில், தெய்வமாகிய லாவோட்சு தனக்குக் காட்சி தந்ததாக ஜாங் தாவ்லிங் அறிவித்தார். அங்கிருந்து வான குரவர் மரபு தொடங்குகிறது. சேர்ந்தவர்கள் ஐந்து மரக்கால் அரிசி கொடுத்ததால் அதற்கு அரிசிப் பெயரும் உண்டு. நோய்க்குக் காரணம் செய்த பிழை என்று கருதி, அதை எழுதி வானம், பூமி, நீர் மூன்றின் அதிகாரிகளுக்கும் அனுப்பினார்கள். இன்றும் சடங்குகளில் மேலுலகம் ஓர் அரசு அலுவலகம் போலவே இயங்குகிறது: மனு, முத்திரை, எழுத்தர், மேலதிகாரி. வூ வெய் பேசிய மரபில் இவ்வளவு காகித வேலையா என்று சிரிப்பு வரும். வரட்டும்.

இன்று பெரிய பிரிவுகள் இரண்டு. ஜெங்யி மரபின் குருமார்கள் மணம் செய்துகொண்டு ஊரில் வாழ்கிறார்கள், கல்யாணம் சாவு போலக் கூப்பிட்ட இடத்துக்குப் போய்ச் சடங்கு நடத்துகிறார்கள். அவர்களின் மையம் ஜியாங்சியில் உள்ள லோங்ஹு மலை. வாங் சோங்யாங் (1113–1170) தொடங்கிய ச்சுவான்ஜென் மரபில் துறவிகள் மடத்தில் வாழ்கிறார்கள். மணமில்லை, புலாலில்லை, தலைமுடியை உச்சிக் கொண்டையாக முடிகிறார்கள். பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயில் இவர்களுடையது. தெய்வ வரிசையில் எல்லோருக்கும் மேலே மூன்று தூயவர்கள்; மூன்றாமவர் தெய்வமாகிய லாவோட்சு. அவர்களுக்குக் கீழே நிர்வாகத்தைப் பார்ப்பவர் பச்சைக்கல் பேரரசர். எட்டு அமரர்கள், நகரக் காவல் தெய்வம், அடுப்புத் தெய்வம் என்று வரிசை நீளும்.

இறப்புக்குப் பின் என்ன? இதற்கு ஒற்றை விடை கிடையாது. ச்சி கூடினால் உயிர், கலைந்தால் சாவு என்பது சுவாங்ட்சு. கீழுலக நீதிமன்றங்களும் மறுபிறப்பும் பௌத்தத்தோடு பழகியபின் வலுப்பட்டவை. முன்னோர் செய்த பிழையின் சுமை சந்ததிக்கு இறங்கும் என்று ஒரு பழைய நம்பிக்கையும் உண்டு. நம் வினைக்கோட்பாடு போல ஒருவரின் கணக்கு அவரையே தொடர்வதல்ல அது, குடும்பக் கடன் மாதிரி.

அமரத்துவம் தேடியதில் நடந்த விபத்தையும் சொல்ல வேண்டும். சாதிலிங்கத்தைப் புடமிட்டு உண்டால் சாவு இல்லை என்று நம்பினார்கள். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. தாங் வம்சப் பேரரசர்கள் சிலரின் முடிவுக்கு இந்த மருந்துகளே காரணம் என்று சொல்லப்படுகிறது. 846-இல் இறந்த வூசோங் அவர்களில் ஒருவர். பிறகுதான் உலைக்களத்தை உடம்புக்குள் நகர்த்தும் உள்ரசவாதம் மேலோங்கியது. நம் சித்தர் மரபிலும் ரசமும் வாசி என்னும் மூச்சுப் பயிற்சியும் அடுத்தடுத்து இருப்பதும், போகரைச் சீனாவோடு இணைக்கும் கதைகள் பழனியில் வழங்குவதும் இங்கே நினைவுக்கு வரலாம். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது. யாரிடமிருந்து யார் கற்றார் என்பதை அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

உட்கார்ந்து மறத்தல்

நூலைப் படிக்கும் ஆறு வாரமும் கூடவே செய்யக்கூடியது இது. பெயர் சுவாங்ட்சுவின் ஆறாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. முறையாக எழுதிவைத்தவர் சீமா செங்ஜென் (647–735). மரியாதையில் தொடங்கித் தாவோவை அடைவது வரை ஏழு படிகள். தொடக்கக்காரருக்கு முதல் மூன்று போதும்.

காலையில், வெறும் வயிற்றில் அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, 15 நிமிடம். தரையோ நாற்காலியோ, முதுகு சாயாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். தரையானால் பின்புறம் நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்த போர்வை இருந்தால் முதுகு தானாக நிமிரும். கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கண் பாதி மூடியிருக்கட்டும். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடட்டும். மூச்சை மாற்றாதீர்கள். கவனம் தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடையில், உட்புறமாக. நினைப்பு வந்தால் துரத்தவும் வேண்டாம், கூடப் போகவும் வேண்டாம். கவனத்தை அந்த இடத்துக்குத் திருப்பினால் போதும். எழும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்திலும் இடுப்பிலும் தடவுங்கள்.

தவறும் இடங்கள் தெரிந்தவைதான். மூச்சை அடக்கினால் தலைசுற்றும், நெஞ்சு இறுகும். அடக்கும் முறைகள் ஆசான் பக்கத்தில் இருந்து கற்பவை. தூக்கம் வந்தால் கண்ணை முழுதாக மூடிவிட்டீர்கள் அல்லது வயிறு நிறைந்திருக்கிறது. ஒளி, சூடு, சத்தம் என்று ஏதாவது தோன்றினால் அதைச் சாதனையாக எண்ணிக் காத்திருப்பது அடுத்த 15 நிமிடங்களைக் கெடுக்கும். நுட்பமான பிழை ஒன்றை சீமா செங்ஜெனே எச்சரிக்கிறார்: மனத்தை வெறுமையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டால், அதுவும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான்.

கோயிலுக்குள் போகும்போது

சிங்கப்பூர், மலேசியாவில் வாழும் தமிழர்களுக்கு இது அடுத்த தெருவில் இருக்கும் விஷயம். சிங்கப்பூரில் 2020 கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் 8.8 விழுக்காட்டினர் தாவோ மதத்தவர். தெலுக் ஆயர் தெருவில் 1839–1842-இல் கட்டிய தியான் ஹாக் கெங் கோயிலில் கடல்தெய்வம் மாசூ இருக்கிறாள், பின்கட்டில் பௌத்தத்தின் குவான் யின். அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா. எது தாவோ, எது பௌத்தம் என்று கோடு போட்டுக்கொண்டு போனால் அங்கே ஏமாற்றம்தான்.

கோயிலைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலக்கைப் பக்கம் இருப்பது டிராகன் வாசல், இடப்பக்கம் புலி வாசல். டிராகனில் நுழைந்து புலியில் வெளியேறுவது முறை, நடுவாசல் தெய்வத்துக்கு. உயர்ந்த நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். ஊதுபத்தி மூன்று. கொளுத்தியதும் சுடரை வாயால் ஊதக் கூடாது, கையால் வீசி அணைக்க வேண்டும். முதலில் வெளியே வானத்தை நோக்கி வணங்கி, பிறகு உள்ளே முதன்மைத் தெய்வம். பெரிய கோயில்களில் தூபக்கலங்களுக்கு எண் போட்டிருப்பார்கள், அந்த வரிசையில் போனால் போதும். பத்தியை நெற்றிவரை உயர்த்தி மூன்று முறை குனிந்து, பெயரும் ஊரும் சொல்லி, வந்த காரியத்தைச் சொல்லுங்கள். மேலுலகம் அலுவலகம் என்றோமே, முகவரி இல்லாத மனு அங்கேயும் நகராது. சந்திர நாள்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் விழா. பினாங்கிலும் அம்பாங்கிலும் அப்போது போகிறவர்கள் வெள்ளை உடுத்தி, சைவம் உண்டு போவது மரியாதை.

கேள்வி கேட்க விரும்பினால் பிறைவடிவில் இரண்டு மரத்துண்டுகள் இருக்கும்; ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. இரண்டையும் கைகளில் சேர்த்துப் பிடித்து, ஆம்–இல்லை என்று விடை வரக்கூடிய ஒரே கேள்வியை மனத்தில் சொல்லி, இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் மேல்நோக்கி விழுந்தால் ஆம். இரண்டும் வளைவு மேல்நோக்கி என்றால் இல்லை. முக்கியமான காரியத்துக்கு அடுத்தடுத்து மூன்று ‘ஆம்’ கேட்பார்கள். இரண்டும் தட்டைப் பக்கம் மேல்நோக்கி விழுந்து ஆடிக்கொண்டிருந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று பொருள். “வேலையை விடலாமா, விட்டால் எங்கே போவது, சம்பளம் கூடுமா” என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்பவர்களுக்கு அடிக்கடி இதுதான் விழும் என்பார்கள். துண்டுகளை எடுத்து, கேள்வியைச் சுருக்கி, மறுபடி விடுங்கள்.